புத்தியோலித் துறையும் பாலக்காட்டுக் கணவாயும்: மூன்று நாள் பயணத்திலிருந்து சில குறிப்புகள்

சென்ற ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்கு முடிந்து ஊர் திரும்புவதற்கு இடையில் எனக்கு மூன்று நாள்கள் கிடைத்தன. உடன் வந்தவர்கள் வெனிசுக்குப் புறப்பட்டனர். நான் தெற்கே இறங்கி, நேப்பிள்ஸ் நகரிலிருந்து கடலோர ரயிலில் ஏறத்தாழ அரைமணி நேரத் தொலைவிலுள்ள பொட்சுவோலிக்குச் சென்றேன். ஓய்வுக்காகப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் ஊர் மீனாட்சிபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம். வீட்டில் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளம், சந்தையில் இரண்டும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. அந்த வழியின் கிழக்கு வாயிலில் எங்கள் ஊர் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று இந்தத் திறப்பின் வழியாகத்தான் கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. தென்னை மட்டைகள் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டு வளர்ந்தவன் நான். அதே பருவக்காற்றுதான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு மரக்கலங்களைக் கொண்டுவந்தது என்பதைப் பட்டமேற்படிப்பின்போதுதான் அறிந்தேன்.

முசிறி என்றதும் நம் மாணவர்கள் எல்லாரும் யவனர், பொன், மிளகு என்று சொல்லிவிடுவார்கள். அகநானூற்றுப் பாடல் ஒன்று தந்த படிமம் அது. நன்றாக மனத்தில் பதிந்திருக்கிறது. மிளகு எந்தத் துறையில் போய் இறங்கியது என்று கேட்டால் ‘ரோம்’ என்பார்கள். ரோம் கடற்கரையில் இல்லை. பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42 அளவில் ஆஸ்தியாவுக்கு அருகே புதிய துறைமுகம் கட்டத் தொடங்கும்வரை, அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த பெருங்கலங்கள் நங்கூரமிட்ட முதன்மையான இத்தாலியத் துறை புத்தியோலி. அதன் இன்றைய பெயர் பொட்சுவோலி. புதிய துறைமுகம் வந்த பின்னரும் அது உடனே ஓய்ந்துவிடவில்லை. கி.பி. 64 அளவில் செனெக்கா எழுதிய கடிதம் ஒன்றில், அலெக்சாந்திரியக் கப்பல்கள் வருவதை முன்னறிவிக்கும் ஓடங்களைக் கண்டு ஊரே துறைக்கு ஓடிய காட்சி இருக்கிறது.

முசிறிக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். கொடுங்கல்லூருக்குத் தெற்கே பட்டணம் என்னும் சிற்றூரில் வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே தோண்டப்பட்ட குழிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதையின் மறுமுனையை ஒருமுறை காணவேண்டும் என்பதே என் ஆசை.

ரயிலை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் தெருமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம். அதில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. 1750இல் இந்த இடத்தைத் தோண்டியபோது செராப்பிஸ் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் ‘செராப்பிஸ் கோயில்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். உண்மையில் இது கோயிலன்று, நகரத்தின் அங்காடி. நடுவில் வட்ட மண்டபம், சுற்றிலும் கடைகள். தூண்களின் இடைப்பகுதியில் மட்டும் கல் அரிக்கப்பட்டுத் துளைகளாக இருக்கிறது. கல்லைத் துளைக்கும் கடற்சிப்பிகளின் வேலை அது. தூண்கள் நிலத்தோடு சேர்ந்து கடலுக்குள் இறங்கி, சில நூற்றாண்டுகள் நீரில் நின்று, மீண்டும் மேலே எழுந்திருக்கின்றன. சார்லஸ் லையல் 1830இல் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்புப் படம் இந்தத் தூண்கள்தாம்.

இந்நகரம் எரிமலை வாயின்மேல் அமர்ந்திருக்கிறது. நிலம் மூச்சுவிடுவதுபோல் ஏறியும் இறங்கியும் வருகிறது. 1982 முதல் 1984 வரையான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. அண்மை ஆண்டுகளிலும் உயர்ந்துகொண்டிருக்கிறது. நில அதிர்வுகளும் அடிக்கடி வருகின்றன. சிறுபடகுத் துறையில் நீர் வற்றிப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். அவர்களுடைய சிக்கல் கடல் விலகுவது. பட்டணத்திலும் இதே கதையின் வேறொரு வடிவம்தான்: பெரியாறு தடம் மாற, துறை மண்ணுக்குள் போய்விட்டது. இரு முனைகளும் நிலத்தின் அசைவால் மறைந்தவை. இடையிலிருந்த எங்கள் கணவாய் மட்டும் அசையவே இல்லை. ஆனாலும் மறக்கப்பட்டது அதுதான். ஏன் என்ற கேள்வியோடுதான் மூன்று நாளும் சுற்றினேன்.

துறைக்கு மேலே பாறை முனையில் பழைய நகர்ப்பகுதி இருக்கிறது. 1970இல் நிலம் உயர்ந்தபோது அங்கிருந்த மக்களை அரசு ஒரேயடியாக வெளியேற்றியது. அதன் உச்சியில் உள்ள தேவாலயம் 1964இல் தீப்பிடித்து எரிந்தது. எரிந்த சுவர்ப்பூச்சுக்குள்ளிருந்து அகஸ்டஸ் காலத்துக் கோயிலின் பளிங்குத் தூண்கள் வெளிப்பட்டன. இப்போது இரண்டையும் சேர்த்தே புதுப்பித்திருக்கிறார்கள். கோயில் தூண்களுக்கிடையே கண்ணாடிச் சுவர், உள்ளே பீடமும் இருக்கைகளும். அந்தக் கோயிலைக் கட்டியவர் கல்பூர்னியஸ் என்று கல்வெட்டு சொல்கிறது. அதே குடிப்பெயருடைய இன்னொருவருக்கு, அலெக்சாந்திரியாவிலும் ஆசியாவிலும் சிரியாவிலும் வணிகம் செய்தோர் கூடிச் சிறப்புச் செய்த கல்வெட்டும் இந்நகரில் கிடைத்துள்ளது. கோயில் கட்டிய பணம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று.

இந்நகரின் இன்னொரு குடும்பம் எனக்கு அதைவிட முக்கியமானது. அன்னியஸ் குடி. பிளினியின் நூலில் ஒரு செய்தி வருகிறது: செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியாவைச் சுற்றிச் செல்லும்போது காற்றில் அடித்துச்செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையில் ஒதுங்கினான். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அவன் அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டான். அவனிடமிருந்த தெனாரியஸ் காசுகளில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் இருந்தும் எடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு வியந்த அரசன், தூதர் நால்வரை ரோமுக்கு அனுப்பினான்.

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாதபடி ஒரு சான்று எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் கிடைத்தது. வாடி மெனிஹ் என்னுமிடத்தில், பாறை நிழலில், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஒருவன் தன் பெயரைக் கீறியிருக்கிறான்: லிசாஸ், புப்லியஸ் அன்னியஸ் பிளோகாமஸின் அடிமை. காலம் கி.பி. 6, ஜூலை மாதத் தொடக்கம். அதே இடத்தில் சில ஆண்டுகள் முன்னதாக, இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் தங்கியதாக இன்னொருவனும் எழுதிவைத்திருக்கிறான். பெரெனிகே துறையிலிருந்து நைல் நதிக்கரையிலுள்ள கோப்தோஸ் வரை பாலைவனத்தில் பன்னிரண்டு நாள் பயணம். ஜூலை வெயிலில் அந்த வழியில் நடந்தவன் அன்னியஸ் அல்லன், அவனுடைய அடிமை. புத்தியோலியின் மேட்டில் நின்று, பளிங்குத் தூண்களைப் பார்த்துக்கொண்டே, நான் லிசாஸைத்தான் நினைத்தேன்.

‘யவனர் வந்தனர்’ என்று நாம் எழுதும் வாக்கியத்தில் வந்தவர் யார் என்னும் கேள்விக்கு இந்தக் கீறல் ஒரு விடை. வந்தவர் பலர் பிறர் பணத்தோடு வந்தவர்கள். சிலர் தங்கள் உடம்புக்கே உரிமையில்லாதவர்கள். நம் பக்கமிருந்து போனவர்களும் பெயர்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். பெரெனிகேயில் ‘கொற்றன்’, குசைர் அல்-கதீமில் ‘கணன்’, ‘சாதன்’ எனத் தமிழ் பிராமி எழுத்துகளில் பானை ஓடுகள். அரசர் பெயர் ஒன்றும் இல்லை. லிசாஸும் கொற்றனும் ஒரே வகை மனிதர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் நாள் பாயேவுக்குச் சென்றேன். பொட்சுவோலியிலிருந்து வளைகுடாவைச் சுற்றிப் போனால் சில கிலோமீட்டர். ரோமானியச் செல்வர் ஓய்வெடுக்க வந்த கடற்கரை இது. வெந்நீர் ஊற்றுகள், மாளிகைகள், மீன் வளர்ப்புக் குளங்கள். பெரும்பகுதி இப்போது கடலடியில். கண்ணாடித் தளம் பொருத்திய படகில் ஏற்றிக்கொண்டுபோய் மூழ்கிய தரையோவியங்களைக் காட்டுகிறார்கள். கலங்கிய நீரில் எனக்குத் தெரிந்தவை இரண்டு மீன்களும் ஒரு சுவரும்தாம்.

இவ்விரு ஊர்களின் காட்சியையும் செதுக்கிய கண்ணாடிக் குப்பிகள் சில கிடைத்திருக்கின்றன. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அலைதாங்கி, வளைவுகள், அரங்கம், தூண்கள் என ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்று போர்ச்சுகல் வரை போயிருக்கிறது. கடலோரத்தில் சில நாள் தங்கித் திரும்பியவர்கள் நினைவுக்காக வாங்கிச் சென்றவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஊட்டியில் தைல மரப் படம் ஒட்டிய குப்பி வாங்கி வருகிறோமே, அதைப் போல. நானும் ஒரு காந்தப் படம் வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாயேவுக்கு அடுத்த முனை மிசேனம். ரோமானியக் கடற்படையின் தளம். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது அங்கே தளபதியாக இருந்தவர்தாம் பிளினி. மக்களை மீட்கப் படகில் போய், எதிர்க்கரையில் உயிரிழந்தார். இந்தியா ஆண்டுதோறும் நம் பேரரசிடமிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது, அங்கிருந்து வரும் பொருள்கள் நூறு மடங்கு விலைக்கு விற்கின்றன என்று புலம்பியவரும் அவரே. கருமிளகு ராத்தல் 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15 என விலை எழுதிவைத்தவரும் அவரே.

நம் மேடைகளில் இந்த 5 கோடி பெருமைக்குரிய எண்ணாகிவிட்டது. ‘ரோமையே ஓட்டாண்டியாக்கிய தமிழர்’ என்று ஒரு சொற்பொழிவைக் கேட்டிருக்கிறேன். பிளினி ஆடம்பரத்தை வெறுத்த ஒழுக்கவாதி. அந்த எண்ணை அவர் எடுத்தாள்வது கணக்காகவன்று, கண்டனமாக. அவர் குறிப்பிடுவது இந்தியா முழுவதையும், தமிழகத்தை மட்டுமன்று. உண்மையான கணக்கு வேண்டுவோர் வியன்னாவிலுள்ள முசிறிப் பாப்பிரஸ் ஏட்டைப் பார்க்கலாம். 2ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியைச் சேர்ந்த அந்த ஏட்டில், ஹெர்மபொல்லோன் என்னும் ஒரே கப்பலின் சரக்கு, அரசின் நாலிலொரு பங்கு வரி போக, ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் மதிப்புக்கு வருகிறது. கங்கைக் கரை நறுமண வேர், தந்தம், துணி. வரிக்காரன் பங்கு உட்பட எல்லாம் வரிவரியாக இருக்கிறது. அந்த வரி ரோமானியக் கருவூலத்துக்கே போனது என்பதால், பேரரசு ஓட்டாண்டியாகவில்லை. இந்த வணிகத்தால் கொழுத்தது என்று சொல்வதே பொருந்தும்.

முசிறி ஏட்டின் மறுபக்கம் ஒரு கடன் ஒப்பந்தம். புத்தியோலியிலும் அப்படியே. 1959இல் பொம்பேய்க்கு அருகே நெடுஞ்சாலைப் பணியில், மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. புத்தியோலியைச் சேர்ந்த சுல்பீசியஸ் என்னும் வட்டிக்கடைக் குடும்பத்தின் ஆவணங்கள் அவை. அவற்றுள் ஒன்றில் யூனஸ் என்பவன் கி.பி. 37இல் 10,000 செஸ்டர்ஸ் கடன் வாங்கியதைத் தன் கையாலேயே எழுதித்தருகிறான். ஈடு: கிடங்கில் இருக்கும் 7,000 மோடியஸ் அலெக்சாந்திரியக் கோதுமை, மூட்டைகளாகப் பயறு வகைகள். அவனுடைய இலத்தீனில் எழுத்துப்பிழை மலிந்திருக்கிறது, பேசியபடியே எழுதியிருக்கிறான். மொழியியலாளர்களுக்கு அது புதையல். கடன் கொடுத்த பக்கத்தில் கையாளாக நிற்பவன் ஓர் அடிமை. இலக்கியம் பொன்னைப் பாடுகிறது, பலகை கடனைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் துறைமுகம் புரியும்.

கொங்குப் பகுதியிலிருந்து இப்படி ஓர் ஒப்பந்தம் நமக்குக் கிடைக்கவில்லை. காசு கிடைத்திருக்கிறது. ஆகவே காசு மட்டுமே வரலாறாகிவிட்டது.

மூன்றாம் நாள் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகம். நம்மவர் எல்லாரும் தேடிப்போகும் ‘பொம்பேய் இலட்சுமி’ அங்கேதான் இருக்கிறாள். 1938இல் அமதேயோ மையூரி அகழ்ந்த வீட்டில் கிடைத்த தந்தச் சிற்பம். ஏறத்தாழ ஒரு முழங்கையின் பாதி உயரம். ஒருபுறமும் மறுபுறமும் சிறு பணிப்பெண்கள். கி.பி. 79க்கு முன்பே இந்தியாவிலிருந்து இங்கே வந்துவிட்டவள். சமூக ஊடகங்களில் இவளைத் தமிழ்நாட்டுச் சிற்பம் என்று அறிவிக்கும் பதிவுகளை ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். இவள் இலட்சுமியும் அல்லள் என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து, யட்சி. அடிப்பகுதியில் இருப்பது கரோஷ்டி எழுத்து. அது வடமேற்குக்கு உரியது. மிக நெருக்கமான ஒப்புமை மராட்டியத்தின் போகர்தனில் கிடைத்த தந்தச் சிற்பங்கள். நம்முடையது அல்லாத ஒன்றை நம்முடையது என்று சொல்லவேண்டிய தேவை நமக்கு என்ன இருக்கிறது? நம்முடையது வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

அது கரிய மணல். அந்த அருங்காட்சியகத்தில் அடுக்கிவைத்திருக்கும் மதுச்சாடிகளின் உடைந்த விளிம்பை உற்றுப்பார்த்தால், சுட்ட மண்ணுக்குள் கறுப்புப் பொடிகள் மின்னும். வெசுவியஸைச் சுற்றிய கம்பானியப் பகுதியின் எரிமலை மணல் அது. குயவர் களிமண்ணோடு கலந்தது. இதே கரிய மணல் கலந்த சாடித் துண்டுகள் பட்டணத்திலும் அரிக்கமேட்டிலும் கிடைத்துள்ளன. ரொபெர்தா டாம்பர் போன்ற மட்கல ஆய்வாளர்கள் அவற்றை இன்னதென அடையாளம் கண்டு எழுதியிருக்கிறார்கள். சாடியின் பிறப்பிடத்தைச் சொல்ல எழுத்து வேண்டியதில்லை, மண்ணே சொல்கிறது. பொட்சுவோலிக் கடற்கரையில் நான் காலில் மிதித்த மணலின் உறவு, பெரியாற்றங்கரைத் தோட்டமொன்றில் புதைந்திருக்கிறது. பட்டணத்தில் முதன்முதலாக அத்தகைய துண்டு ஒன்றைக் கையில் வாங்கியபோது அதைக் கரி என்று நினைத்தேன். அருகிலிருந்த மூத்த ஆய்வாளர் சிரித்தார்.

இனி எங்கள் கணவாய்க்கு வருகிறேன்.

முசிறியில் கிடைக்கும் பொருள்களின் பட்டியலில் மிளகு மட்டுமில்லை. ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் முத்து, தந்தம், பட்டு, கங்கைக் கரை நறுவேர், ஒளி ஊடுருவும் கற்கள், ஆமையோடு எனப் பலவற்றைச் சொல்கிறது. மிளகு மலைச்சரிவின் மேற்கிலேயே விளைவது. ஆற்றில் ஓடம் விட்டால் துறைக்கு வந்துவிடும். கற்கள் அப்படியல்ல. பச்சைக்கல் விளைந்தது காங்கேயத்துக்கு அருகே படியூர் வட்டாரத்தில். பட்டை தீட்டியது நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில். அங்கிருந்து மேற்குக் கடலுக்கு மலையேறாமல் போக ஒரே வழிதான் உண்டு. கீழ்க்கடலிலிருந்து வந்த சரக்கும் மேற்கே போக வேண்டுமானால், முனையைச் சுற்றும் கடல்வழியை விட்டால் கரூர், கொடுமணல், வெள்ளலூர் வழியாக இதே கணவாய்.

காசுகள் அந்த வழியைப் புள்ளிவைத்துக் காட்டுகின்றன. வெள்ளலூரில் 1842இல் 522 தெனாரியஸ், 1891இல் 547, 1931இல் மீண்டும் ஒரு புதையல். பொள்ளாச்சியில் 1800ஆம் ஆண்டிலேயே. உடுமலைப்பேட்டைக்கு அருகே பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். மேற்கே இறங்கினால் திருச்சூர் மாவட்டத்து இய்யாலில் பொன்னும் வெள்ளியும் கலந்த புதையல். பறவூருக்கு அருகே வள்ளுவள்ளியில் 1983இல் 252 பொற்காசுகள். இவை சற்றுப் பிந்தியவை. கொங்கில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மிகப்பெரும்பான்மை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவர் காலத்தவை. அதாவது புத்தியோலி தன் உச்சத்தில் இருந்த அரைநூற்றாண்டு. இதைக் கண்டதும் முடிவுகட்டிவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கி.பி. 64இல் நீரோ வெள்ளியின் அளவைக் குறைத்தபின், பழைய நல்ல காசுகளையே பொறுக்கி எடுத்து இந்தியாவுக்கு அனுப்பியிருக்கவும் கூடும். காசு அடித்த ஆண்டும் அது கணவாயைக் கடந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மாணவர்கள் ஆய்வேடுகளில் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

எந்த மாதத்தில் கடந்தன என்பதை ஓரளவு சொல்லலாம் என நினைக்கிறேன். கோடைநடுவில் எகிப்திலிருந்து புறப்பட்ட கப்பல், செங்கடல் வாயிலிலிருந்து 40 நாளில் முசிறியை அடைந்தது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றில் திரும்பியது. இது பிளினி தரும் கணக்கு. ஆகவே கரையில் காத்திருந்த காலம் மூன்று, நான்கு மாதம். கொங்கிலிருந்து போகவேண்டிய சரக்கு அதற்குள் போய்ச்சேர வேண்டும். ஐப்பசி அடைமழையில் கரிசல் நிலத்தில் வண்டி ஓடாது. எனவே புரட்டாசியிலும், மழை விட்ட பின் கார்த்திகைக் கடைசி, மார்கழியிலும் இந்த வழி நெரிந்திருக்கும். சங்கப் பாடல்களில் உப்பு வண்டிகளோடு குடும்பத்துடன் செல்லும் உமணரை இந்த வழியில் வைத்துப் பார்த்தால், காசு எவர் கைகளின் வழியாகப் போனது என்பதும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. இது என் ஊகம். சான்று தேடவேண்டும்.

சான்று தேடுவதில்தான் சிக்கல். 1956 நவம்பர் 1க்கு முன், சித்தூர்ப் பகுதி கொச்சி அரசைச் சேர்ந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டம். அதன்பின் எல்லைக்கோடு கணவாயின் குறுக்கே விழுந்தது. அன்று முதல் பட்டணம் கேரளத்தின் பெருமை. கொடுமணல் தமிழ்நாட்டின் பெருமை. இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒன்று கிழக்கே வாளையாற்றோடு நிற்கிறது, மற்றது மேற்கே அதே வாளையாற்றோடு நிற்கிறது. கணவாயின் உட்பகுதி, ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், இரண்டிலும் வெறும் அம்புக்குறி. வரைபடத்தில் ஒரு கோடு போட்டு ‘வணிகவழி’ என்று எழுதிவிடுகிறோம். அந்தக் கோட்டில் மனிதர் எங்கே தங்கினர், எங்கே மாடு மாற்றினர், எங்கே தண்ணீர் குடித்தனர் என்று எவரும் கேட்கவில்லை. எகிப்தியப் பாலைவனத்தில் ஒவ்வொரு தங்குமிடத்தையும் கிணற்றையும் அளந்து, பாறையிலுள்ள ஒவ்வொரு கீறலையும் படித்திருக்கிறார்கள். அதனால்தான் லிசாஸ் நமக்குக் கிடைத்தான்.

எங்கள் வழியிலும் ஒரு கல் பேசியிருக்கிறது. கோயம்புத்தூருக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்னும் கல்வெட்டு உண்டு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. சோழனின் பெயரால் அமைந்த பெருவழி. புத்தியோலிக் காலத்துக்கு எட்டு நூற்றாண்டு பிந்தியது. ஆகவே ரோமானிய வணிகத்துக்குச் சான்றாகாது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அது தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் இருமுறை பொறிக்கப்பட்டிருக்கிறது. கிழக்கிலிருந்து வருபவன் ஒன்றைப் படிப்பான், மேற்கிலிருந்து வருபவன் மற்றதைப் படிப்பான். எங்கள் ஊர்ப் பேருந்துகளின் பெயர்ப்பலகை இன்றும் அப்படித்தான்.

ஊர் திரும்பியதும் அம்மாயி கேட்டார்: “அத்தன தூரம் போனியே கண்ணு, அங்க நம்மூரப் பத்தி ஏதாச்சும் இருந்துதா?” இல்லை அம்மாயி என்றேன். “நம்மூர்லயே ஒண்ணுமில்லையே, அங்க எப்பிடி இருக்கும்?” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எண்பது கடந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். அன்றிரவே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

வரும் மார்கழி விடுமுறையில் சித்தூரிலிருந்து வெள்ளலூர் வரை பழைய வண்டித்தடங்களைப் பின்பற்றி நடக்கத் திட்டமிட்டிருக்கிறேன். இருபுறப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தால் நல்லது. மலையாளம் படிக்கத் தெரிந்தவரும் தமிழ் படிக்கத் தெரிந்தவரும் ஒரே குழுவில் வேண்டும். சித்தூர், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறை, ஆனைமலை, கிணத்துக்கடவு வட்டாரங்களில் உழும்போது காசு கிடைத்தது, தாழி உடைந்தது, பழைய சுமைதாங்கிக் கல் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள், அந்த இடத்தின் பெயரையும் கேட்ட காலத்தையும் மட்டும் எழுதுங்கள். காசையோ ஓட்டையோ தோண்டி எடுக்க வேண்டாம். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நாங்கள் வந்து பார்க்கிறோம்.